தென்னை மட்டையும் நீலக் கட்டியும்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர் நூலகத்தில் பிள்ளைகள் பதினோரு பேர் பழைய செய்தித்தாளை விரித்து, கையில் உறை மாட்டிக்கொண்டு, வேப்பங்குச்சியால் எதையோ கிளறிக்கொண்டிருந்தார்கள். மகள் மறந்துவிட்டு வந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்த செல்லதுரை வாசலிலேயே நின்றார். ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் கட்டைவிரல் பருமனில் ஒரு கறுத்த உருண்டை இருந்தது. அதைப் பிரிக்கப் பிரிக்க உள்ளேயிருந்து சாம்பல் நிற ரோமமும் ஊசி ஊசியாய் எலும்பும் வந்தன.

ஆறாம் வகுப்பு படிக்கும் இசைவாணி அப்பாவைப் பார்த்ததும் எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டினாள். அதில் மஞ்சள் பல்லோடு ஒரு குட்டி மண்டையோடு இருந்தது.

"ஆந்தை கக்குன உருண்டைப்பா. நம்ம வீட்டுக்குப் பின்னாடி ரைஸ்மில்லுல டீச்சர் பொறுக்குனது. இது ஒண்ணுக்குள்ளயே மூணு எலி மண்டை இருந்துச்சு."

செல்லதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலியைப் பார்த்து அல்ல. ஒன்பது மா நிலத்தில் சம்பா போடுகிறவர் பார்க்காத எலியா? ஆந்தை என்ற சொல்தான் அவரைக் கலக்கியது. நாலு வருஷத்துக்கு முன்னால், மூடிக் கிடக்கிற அந்த மில்லின் கூரையில் மூன்று ராத்திரி ஆந்தை அலறியது. நாலாம் நாள் அவருடைய அண்ணன் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து ஆந்தைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மனைவி அம்சம் எவ்வளவு சொன்னாலும் விடிகிறவரை படுக்க மாட்டார்.

பிள்ளைகளை உட்கார வைத்திருந்தவள் ஹஃப்ஸா. நன்னிலத்துக்காரி, விலங்கியல் படித்தவள். கணவன் அன்சார் குவைத்தில் இருக்க, சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டியில் இரண்டு பை நிறையப் புத்தகங்களோடு வந்துவிடுவாள். சம்பளம் கிடையாது. அந்த மாதம் இரவில் விழித்திருக்கும் உயிர்களைப் பற்றிய பாடம். ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, 'இரா நோட்டு' என்று பெயரும் வைத்திருந்தாள். சாயங்காலத்திலிருந்து தூங்கும்வரை கண்டதையும் கேட்டதையும் எழுத வேண்டும். கொல்லைப்படியில் அடுப்புச் சாம்பலைத் தூவி வைத்து, காலையில் அதில் பதிந்த காலடியைப் பார்த்து வரைய வேண்டும். ஒரு பையன் வீட்டுச் சாம்பலில் மரநாய் நடந்திருந்தது. ஒரு பெண் வீட்டில் அவள் அப்பாவே நடந்திருந்தார். கிருமி போகட்டும் என்று ஆந்தை உருண்டைகளை ஹஃப்ஸா தன் வீட்டு இட்லிச் சட்டியில் அவித்து வெயிலில் உலர்த்திக் கொண்டுவந்திருந்தாள். அந்தச் சட்டியை அவள் மாமியார் அதற்கப்புறம் அடுப்பங்கரைக்குள் விடவில்லை என்பது தனிக் கதை.

செல்லதுரை அவளை வெளியே கூப்பிட்டுப் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். நல்ல கதைகளாகச் சொல்லிக் கொடுங்கள், இந்த அபசகுனமெல்லாம் வேண்டாம் என்றார். மில் அவருடைய பங்காளிக்குச் சொந்தம், சாவி இவரிடம் இருந்தது. திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார், கூரைக்குக் கீழே இருக்கிற அந்தப் பொந்தைச் செங்கல் வைத்து அடைக்கப் போகிறேன் என்றார்.

"உள்ள மூணு குஞ்சு இருக்குண்ணே. ஒரு மாசம் பொறுங்க. பறந்து போனதும் அடைச்சுக்குங்க," என்றாள் ஹஃப்ஸா.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள், வயலில் தென்னை மட்டை நட்டிருக்கிறீர்களே, அது யாருக்காக என்று கேட்டாள்.

"ஆந்தைக்குத்தான், யாருக்காக? வயல்ல வேணும் டீச்சர். வீட்டுப் பக்கம் வேண்டாம்," என்றார் செல்லதுரை.

சொன்னது தவறென்று அவருக்குத் தோன்றவில்லை. சம்பா நட்டதும் தென்னை மட்டையைத் தலைகீழாக, அடித்தண்டு மேலே இருக்கும்படி வயலில் அங்கங்கே குத்தி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ராத்திரி ஆந்தை வந்து அதில் உட்கார்ந்து எலியைப் பிடிக்கும். அவர் அப்பா நட்டார், இவரும் நட்டார். இந்த வருஷம் பயிர் கதிர் விடப் பொதி கட்டி நிற்கிற சமயத்தில் எலிவெட்டு அதிகமாக இருந்ததால், இன்னொரு காரியமும் செய்திருந்தார். புதன்கிழமை சாயங்காலம் வரப்பு வளைகளில் நீல நிற எலி மருந்துக் கட்டிகளை வைத்துவிட்டு வந்தார். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை அது. அவருக்கு அது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வயலுக்குப் போனார். மூன்றாவது மட்டையின் அடியில், ஈர வரப்பில், வெள்ளையாய் ஏதோ கிடந்தது. யாரோ துணியைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக் கிட்டப் போனால், ஆந்தை. இறக்கை இரண்டும் விரிந்து சேற்றில் ஒட்டிக் கிடந்தது. வெற்றிலை வடிவத்தில் வெளுத்த முகம். அலகோரம் ரத்தக் கசிவு. கண்ணைப் பாதி திறந்து அவரைப் பார்த்தது.

அத்தனை வருஷமாகப் பயந்த முகத்தை அன்றைக்குத்தான் அவர் கிட்டத்தில் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார். வாய்க்காலில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்த் தலை முழுகிவிடலாமா என்று யோசித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குள் தூக்கில் டீ எடுத்துக்கொண்டு இசைவாணி வந்துவிட்டாள். அவள் கத்தவில்லை, அழவில்லை. டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தாள். அடிபட்ட பறவையைக் கண்டால் கூட்டம் போடக்கூடாது, தண்ணீர் புகட்டக்கூடாது, துணியால் போர்த்தி இருட்டான அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும், உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பெரியவர் பக்கத்திலேயே மரம் மாதிரி நின்றார்.

"துண்டைக் குடுங்கப்பா," என்றாள்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நகத்தால் கீறிவிடும், நீ தள்ளு என்று அவளை விலக்கிவிட்டு, அவரே அதைப் போர்த்தித் தூக்கினார். அவ்வளவு பெரிய பறவை ஒரு சோளக்கதிர் கனம்கூட இல்லாதது போலிருந்தது.

வீட்டில் ஒரு அட்டைப்பெட்டி எடுத்து அதில் பறவையை வைத்து, அப்பாவும் மகளும் வண்டியில் கிளம்பினார்கள். இசைவாணி போன் செய்ததும் ஹஃப்ஸா நன்னிலத்தில் கால்நடை மருத்துவரின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை என்று அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. ஆந்தையின் வாயைத் திறந்து பார்த்தார், உள்ளே வெளுத்திருந்தது. மருந்து தின்ற எலியை இது தின்றிருக்கிறது என்றார். இந்த மருந்து எலியை உடனே கொல்லாது, இரண்டு மூன்று நாள் அது தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும், தள்ளாடுகிற எலிதான் ஆந்தைக்குச் சுலபமாகக் கிடைக்கும், தின்றால் இதற்கும் உள்ளுக்குள் ரத்தம் கசியும் என்று விளக்கினார். பிறகு அவர் கேட்டார்: "அந்தப் பக்கம் யாரு வயல்ல மருந்து வச்சிருக்காங்க?"

இசைவாணியின் கையில் இரா நோட்டு இருந்தது. போன இடத்தில் ஹஃப்ஸாவிடம் காட்டலாம் என்று எடுத்து வந்தது. புதன்கிழமைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். 'சாயங்காலம் அப்பா எட்டு வளையில் நீலக் கட்டி வைத்தார். அப்புறம் தவளை கத்தியது.' அவள் நோட்டை மெல்ல மூடி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

செல்லதுரை அதைப் பார்த்தார். தன்னைக் காப்பாற்ற ஒரு சின்னப் பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்கிறதே என்று அவருக்குத் தோன்றியது.

"என் வயல்தான் சார். நான்தான் வச்சேன்," என்றார்.

மருத்துவர் தன் பையைத் திறந்தார். ஊசி போட்டார். வைட்டமின் மருந்து, நாலைந்து நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும், பிழைப்பது இதன் கெட்டித்தனம் என்றார். வனத்துறைக்கும் தகவல் சொல்லி, பறவையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஹஃப்ஸாவுக்குக் கண் கலங்கியிருந்தது. நெஞ்சில் இத்தனை புள்ளி இருப்பதால் பெட்டைதான், மில் பொந்தின் தாய்; அது இங்கே இருக்கிறது, மூன்று குஞ்சுக்கும் தகப்பன் ஒன்றே இரை தேட வேண்டும். அதுவும் இதே வயலில்தான் தேடும், தேடினால் அதற்கும் இதே கதிதான் என்றாள். செல்லதுரை வண்டியை நேரே வயலுக்கு விட்டார். எட்டு வளையையும் மண்வெட்டியால் வெட்டி, மிச்சமிருந்த கட்டிகளையும் செத்துக் கிடந்த எலிகளையும் கிளறி எடுத்தார். மகள் நோட்டைப் பார்த்து எண்ணிக்கை சொல்ல, ஒன்று விடாமல் தூரத்து மேட்டில் ஆழக் குழிவெட்டிப் புதைத்தார். அந்த நோட்டு அப்படித்தான் உதவியது.

அடுத்து முடிகொண்டான் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பஞ்சநதத்தைத் தேடிப் போனார். பஞ்சநதம் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிக்கிறவர். மருந்தே வைக்காத வயல்களில்தான் அவருக்கு வேலை. ஆந்தைக் குஞ்சுக்கு எலி வேண்டும் என்றதும் பஞ்சநதம் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் தெறித்தது. ஆனாலும் மறுநாளிலிருந்து காலையில் ஆறு எலி எண்ணிக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை சொன்னபடி கொத்தனார் ஏணியோடும் செங்கல்லோடும் வந்தார். செல்லதுரை செங்கல்லைத் திருப்பி அனுப்பிவிட்டு ஏணியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். பொந்தை அடைக்க வந்த ஏணியில் ஏறித்தான் குஞ்சுகளுக்கு இரை வைத்தார். முதல் நாள் மூன்றும் சேர்ந்து பாம்பு மாதிரி சீறியதில் விழப் பார்த்தார். இரண்டாம் நாளும் சீறின. மூன்றாம் நாள் சீறலைக் கேட்டதும், சாப்பாட்டுக்குக் கத்துகிற பிள்ளைகள்தானே என்று அவருக்கே தோன்றிவிட்டது. ஏழாம் நாள் அம்சம் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, ராத்திரி எழுந்து உட்காராமல் நாலைந்து நாளாகத் தூங்குகிறீர்கள், அது தெரிகிறதா என்று கேட்டாள். அப்போதுதான் அவருக்கும் அது தெரிந்தது.

எட்டாம் நாள் சாயங்காலம் மருத்துவர் அட்டைப்பெட்டியோடு வந்தார். இப்போது குணமாகிவிட்டது, குஞ்சுகள் இருக்கிற இடத்திலேயே விடலாம் என்று வனத்துறையினரும் சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் திறந்ததும் கூகை ஒரு நொடி எல்லோரையும் பார்த்தது. ஹஃப்ஸாவின் புத்தகத்தில் அதற்குக் கூகை என்றுதான் பெயர். பிறகு சத்தமே இல்லாமல் எழும்பிப் பொந்துக்குள் போனது. உள்ளே சீறல் கேட்டது. செல்லதுரை இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். மருத்துவரைப் பார்த்தா, மில்லைப் பார்த்தா என்று சொல்ல முடியாது.

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளோடு பெற்றோர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஹஃப்ஸா உருண்டைகளில் எடுத்த மண்டைகளை அட்டையில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள். முப்பது உருண்டைக்கு எழுபத்தாறு எலி. செல்லதுரை அண்ணன் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அவள் சொன்னதும் அவருக்கு வேர்த்துவிட்டது. எழுந்தார்.

"எங்க அண்ணனைக் கொண்டுபோனது சக்கரை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம நாங்க இழுத்தடிச்சோம். ஆந்தை மேல பழியப் போட்டேன், அது திருப்பிப் பேசாதுல்ல. வயல்ல வேணும், வீட்டுப் பக்கம் வேண்டாம்னு டீச்சர்கிட்ட சொன்னேன். சொன்ன வாய் மூடுறதுக்குள்ள எங்க அப்பா ஞாபகம் வந்திருக்கணும். வரலை. பண்ணையாளா இருந்த அவரையும் பண்ணை வீட்டுல அப்படித்தான் சொன்னாங்க. வயல்ல வேணும், வாசப்படி ஏறக்கூடாதுன்னு. அந்த அப்பனுக்குப் பொறந்துட்டு அதே வார்த்தைய நான் ஒரு பறவைக்குச் சொல்லியிருக்கேன்."

அவர் ஹஃப்ஸாவின் பக்கம் திரும்பினார். நீங்கள் இந்தப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வராவிட்டால் அன்றைக்கு அந்த உயிரை வாய்க்காலில் தள்ளியிருப்பேன், என் பிள்ளையும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும், உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது என்றார். பிறகு, தனக்கும் ஒரு இரா நோட்டு வேண்டும் என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஹஃப்ஸா நிஜமாகவே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பின்வரிசையில் இருந்த ஒரு விவசாயி, அதெல்லாம் சரிதான், எலிக்கு என்ன வழி என்று கேட்டார். நியாயமான கேள்விதான். செல்லதுரை நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"கிட்டி இருக்கு, பஞ்சநதம் இருக்காரு, மட்டையில ஆந்தை இருக்கு. மருந்துதான் வைப்பேன்னா, முதல்ல போயி மட்டையப் பிடுங்கிடுங்க. வாங்கன்னு கூப்பிட்டுப் பந்தியில உக்கார வச்சுட்டு, இலையில விஷம் வைக்கக்கூடாது. நமக்காக ராத்திரியெல்லாம் முழிச்சு உழைக்கிற உயிருக்கு நாம சம்பளம் குடுக்கறதில்ல. உசுரையாவது விட்டு வைக்கணும்."