இல்லாத காய்

சாப்பாட்டு இடைவேளையில் அண்ணன் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம் பார்த்து, கேரம் போர்டின் மூலைக் குழியருகே இருந்த வெள்ளைக் காயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் லொள்ளு. குடோனில் பெட்டி கட்டுகிறவனுக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. எல்லாருக்கும் அண்ணனான பெரியவர் அங்கே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். கேரம் ஆட்டத்தில் பன்னிரண்டு வருடமாக அவரை யாராலும் அசைக்க முடிந்ததில்லை. கொஞ்ச நாளாகத்தான் குழி வாயில் நிற்கும் காயைக்கூடக் கோட்டை விட்டுக்கொண்டிருந்தார். கிழவருக்குக் கை தளர்ந்துவிட்டது என்று லொள்ளுவுக்கு உள்ளூர ஒரு குஷி. காயைக் காணோமென்றால் கத்துவார், காதைத் திருகுவார், எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தான்.

அண்ணன் கத்தவில்லை. ஸ்டிரைக்கரை வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காய் இருந்த இடத்தையே குறிபார்த்துச் சுண்டினார். வெறும் பலகையில் வழுக்கிக்கொண்டு போய் ஸ்டிரைக்கர் குழிக்குள் விழுந்தது.

"விழுந்துருச்சா?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் லொள்ளுதான், முதலில் நிறுத்தியவனும் அவன்தான். வாசலில் நின்ற சூப்பர்வைசர் சிரிக்கவே இல்லை.

"வண்டிச் சாவியைக் குடுத்துருங்கண்ணே," என்றார் மெதுவாக. "கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாம்."

டாக்டர் இனி வண்டியைத் தொடவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நாலாம் நாள் அண்ணன் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலைக்கு வந்தார். "நல்லதுதாண்டா பண்ணுன. யார் மேலயாவது ஏத்தியிருந்தா?" என்று ஆளுக்கு ஆள் லொள்ளுவின் முதுகைத் தட்டினார்கள். உண்மைதான். ஆனால் அவன் நல்லதை நினைத்தா எடுத்தான்? முதுகில் விழுந்த அந்தத் தட்டு ஒவ்வொன்றும் செருப்படி மாதிரி இருந்தது. காலையிலிருந்து அவர் இருந்த பக்கமே போகாமல், சாமான் அடுக்குகளுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து நடந்தான்.

இடைவேளையில் அண்ணனே போர்டை எடுத்து வைத்தார்.

"வாடா இங்க."

"வேணாம்ணே. என்னால முடியாது."

"உன்னை யாரு ஆடச் சொன்னா? எது எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு. பொய் சொல்லாம சொல்லணும்."

லொள்ளு எதிரே உட்காரவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, பலகைமேல் மெல்ல நகர்த்தி, ஒரு காயின்மேல் கொண்டுபோய் வைத்தான்.