பாதிஸ் தாங்கிய சுவர்

ஸ்கிக்தா நகரில், துறைமுகத்திலிருந்து மேலேறும் தெருவில், பாதிஸ் சாய்ந்து நிற்கும் சுவர் அவன் விலகினால் விழுந்துவிடும் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தெரியவந்தது. காபி வாங்க அவன் நான்கடி நடந்தான். மூன்று மாடிக் கட்டடம் தெருப்பக்கம் ஒரு சாண் சாய்ந்தது. மாடியில் துணி காயப்போட்டவர்கள் அலறினார்கள். அவன் ஓடிவந்து முதுகைக் கொடுத்ததும் கட்டடம் நிமிர்ந்துகொண்டது. "காபிய இங்கயே கொண்டாந்து குடுங்க" என்றான்.

மின்பொறியியல் படித்துவிட்டு, வேலையில்லாமல் ஆறு வருடமாக அங்கே சாய்ந்து நின்றவன் அவன். அந்த ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சுவர் இருந்தது. நகராட்சிப் பொறியாளர் வந்து இரும்புத் தூண்களால் முட்டுக் கொடுத்தார், அவை வளைந்தன. பாதிஸின் நண்பன் ஜீனோவை நிறுத்திப் பார்த்தார். கட்டடம் அவனை மதிக்கவில்லை. "நானும் அதே ஆறு வருஷம்தான் சாஞ்சேன், சார். இவன் மட்டும் என்னத்தப் பெருசா சாஞ்சுட்டான்?" என்று ஜீனோ கோபித்துக்கொண்டான். மூன்று வாரம் பாதிஸ் அங்கேயே தின்று, நின்றபடியே தூங்கினான். பிறகு சுவரைத் தாங்கும் வேலைக்கு நகராட்சியின் தற்காலிகப் பணி ஆணை வந்தது: காலை எட்டு முதல் மாலை நான்கு வரை, வெள்ளியும் சனியும் விடுமுறை. அரசு வேலை என்றானதும் சுவரும் நேரம் பார்க்கத் தொடங்கியது. நான்கு மணிக்கு மேல் தானாகவே நின்றது. அவன் உம்மா நாஸிரா தெருவே கேட்கக் குலவையிட்டாள்.

அந்த மாதமே நகராட்சிக்கு நாற்பத்தொரு மனுக்கள் போயின, தாங்கள் விலகினாலும் சுவர் விழும் என்று. பொறியாளர் ஒவ்வொருவரிடமும் சென்று விலகச் சொன்னார். ஒரு சுவரும் அசையவில்லை. மனுப் போட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். ஜீனோ அவர்களில் ஒருவன்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில், அந்தச் சுவருக்கு உட்பக்கம், வஸீலாவின் அறை. மருந்தியல் பட்டம் பெற்றும் வேலையில்லாதவள். நான்கு வருடமாக அவளுக்கும் பாதிஸுக்கும் கல்யாணப் பேச்சு இருந்தது. குடியிருக்க வீடில்லாததால் கல்யாணம் இல்லை. அவள் ஜெர்மன் மொழியை உரக்கப் படித்தாள். பாடம் சுவர் வழியே அவன் முதுகில் ஏறியது. ஒரு வருடத்தில் அவன் புத்தகத்தைத் தொடாமலே தேர்வில் அவளைவிட இரண்டு மதிப்பெண் அதிகம் வாங்கினான். அதற்காக அவள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அடுத்த வசந்தத்தில் இருவருக்கும் ஜெர்மனியில் ஒரே ஊரில் வேலைக் கடிதமும் விசாவும் வந்தன.

"நான் போனா ஒம்போது குடும்பம் நசுங்கிடும், வஸீலா. உன் வாப்பாவும் அதுல இருக்காரு."

"தெரியும். பதினேழு வருஷமா அவங்க எல்லாரு பேரும் அரசாங்க வீட்டுப் பட்டியல்ல கிடக்குதே, அதுக்கு யாரு முதுகு குடுத்தா?"

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"போறேன்னு எழுதிக் குடு. தேதி போட்டுக் குடு. எனக்கும் இங்க இருக்கத்தான்பா ஆச. ஆனா இப்படியே இருக்க முடியல."

அவன் எழுதிக் கொடுத்தான். ஜூன் மாதம் பதினான்காம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு விலகுவதாக ஒரே வரி. நகராட்சியில் அதை நான்கு பேர் படித்தார்கள். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினேழு வருடம் நகராத பட்டியல் பதினோரு நாளில் நகர்ந்தது. ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பில் ஒன்பது குடும்பங்களுக்கும் சாவி கிடைத்தது. தண்ணீர் இணைப்பு வரவில்லை என்று அன்றே முணுமுணுத்தார்கள்.

பதினான்காம் தேதி காலை கட்டடம் காலியாக இருந்தது. பதினொன்றரை மணிக்கு நகராட்சி ஊழியர் இன்னொரு காகிதம் கொண்டுவந்தார்: பாதிஸின் வேலை நிரந்தரமாக்கப்பட்டது. அங்கே வந்திருந்த உம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள்.

"நிரந்தரம்னு போட்டிருக்குடா, மவனே. ஓய்வூதியமெல்லாம் உண்டு."

"உள்ள யாருமே இல்லையேம்மா."

"அதனால என்ன? சுவரு இருக்குல்ல?"

அவனுக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு களைத்திருந்தான். தெருவின் மறுபக்கம் வஸீலா நின்றாள், அவனைக் கூப்பிடவில்லை. பன்னிரண்டு அடித்தபோது அவன் உம்மாவின் தலையில் முத்தமிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தான். பின்னால் கட்டடம் அவசரமில்லாமல், உட்கார்வதுபோல் இறங்கியது. பக்கத்துக் கடையின் கண்ணாடிகூட உடையவில்லை. ஜீனோ புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அப்ப நிஜமாத்தான் தாங்கியிருக்கான்" என்றான்.

பாதிஸ் தெருவில் எதிலும் சாயாமல் நின்றான். கைகளை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"முதுகு வலிக்குதா?" என்று வஸீலா கேட்டாள்.

"இல்ல. காத்து படுது."

பணி நேரம் முடிய நான்கு மணி நேரம் இருந்ததால் நகராட்சி அவன் விலகியதை அரை நாள் விடுப்பு என்று குறித்துக்கொண்டது.