ஊசியின் தட்டைப் பக்கம்

மார்ச் 14, வியாழன்

இன்று மாலைத் தையல் வகுப்பில் மெஷின் ஊசியைத் திருப்பி மாட்டிவிட்டேன். தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் பார்க்கவில்லை. தையல் விட்டுவிட்டு விழுந்தது.

"டீச்சர், இந்த மெஷின் சரியில்ல" என்றேன். போன வாரமும் இதையேதான் சொன்னேன்.

பக்கத்து மெஷின்காரி எட்டிப் பார்த்தாள். வகுப்பில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஊசியத் திருப்பிப் போட்டுட்டு மெஷினத் திட்டுறியே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் மாட்டல. எனக்கு முன்னாடி இதுல நீதானே தைச்ச?" என்றேன்.

"உனக்கு வாயில இருக்கிற வேகம் கண்ணுல இல்லம்மா" என்று டீச்சர் அவளைக் கடிந்துகொண்டார். வாயாடி துணியைச் சுருட்டிக்கொண்டு கடைசி மெஷினுக்குப் போய்விட்டாள்.

வகுப்பு முடிந்ததும் பஸ் ஸ்டாப் வரை தினமும் அவளோடுதான் நடப்பேன். இந்த ஊரில் என்னிடம் சும்மா பேசும் ஒரே ஆள் அவள். இன்று தனியாக வந்தேன். அறையில் ரேடியோவைப் போட்டு, உடனே அணைத்துவிட்டேன்.

மெஷின், நூல், வெளிச்சம் என்று பழி போட்டே பழகிய வாய், இன்று அவள் மேலும் போட்டுவிட்டது. உண்மையைச் சொன்னால் மட்டும் பழையபடி பேசுவாளா? தெரியவில்லை.

நாளை: ஊசியை மாட்டியது நான்தான் என்று டீச்சரிடம், வாயாடியின் காதுபடச் சொல்ல வேண்டும். பிறகு தட்டைப் பக்கம் பார்த்து மாட்ட வேண்டும்.