தலைப்பில் சொன்ன சாவு

ஆம்புலன்ஸ் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டும்போது, ஜெசிந்தா போனில் எழுதியதை முழுக்க அழித்தாள். ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்று தொடங்கியிருந்தாள். அவள் காலருகே, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் காலையில் இறந்த அப்பா சவுரிராயன் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

“இன்னாம்மா, போன நோண்டிக்கினே வர்ற? அண்ணன் சாவ சொல்ல ஆள் அனுப்ப வேணாமா?” என்றார் சித்தப்பா தென்னரசு.

“சொந்தக்காரங்களுக்கு நீங்க சொல்லுங்க சித்தப்பா. இது நெட்டுல அவர் எழுதுன பிளாக் படிக்கிறவங்களுக்கு.”

சவுரிராயன் திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டியவர். எரிந்துபோன மோட்டார்களைப் பற்றிப் பன்னிரண்டு வருஷமாக எழுதிவந்தார். படித்தவர்கள் யாருடைய நம்பரும் வீட்டில் இல்லை. நான்கு மணிக்கு அடக்கம். அதற்குள் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

“நம்பரே இல்லாம எப்படி அனுப்புவ?”

“அனுப்பவே வேணாம். நாம எழுதினா, பிளாக்குல ஒரு ஃபைல் இருக்கும், அதுல போய் உக்காந்துக்கும். படிக்கிறவங்க போன்ல ஃபீட் ரீடர்னு ஒரு ஆப். அது மணிக்கொரு தரம் வந்து பாத்து, புதுசா இருந்தா எடுத்துக்கினு போவும்.”

“அப்ப நாம போவ வேணாம்? வேணும்ன்றவனே வந்து பாத்துக்குவானா?”

“ஆமா.”

சித்தப்பா வெளியே பார்த்தார். “எங்கப்பா, ஊர்க்காரங்க வூட்டு சாவு சொல்ல மயிலம் தாண்டி நடந்தே போவாரு,” என்றார்.

போன வாரம் கட்டிலில் படுத்தபடியே அப்பா மூன்று ரீடர்களைச் சோதித்துப் பார்த்தார். தன் பிளாக்கையும் தனக்குப் பிடித்த நாற்பது தளங்களையும் மூன்றிலும் ஏற்றச் சொன்னார். ஒன்று கட்டுரை முழுவதையும் காட்டியது. ஒன்று இரண்டு வரி. மூன்றாவது, தலைப்போடு சரி. “இந்தப் பய வாயே தொறக்க மாட்றான் பாப்பா,” என்று சிரித்தார்.

யார் எதில் படிக்கிறார்களோ! ஆகவே வருத்தத்துக்கு இடமில்லை. தலைப்பிலேயே எழுதினாள்: ‘மோட்டார் சவுரிராயன் இறந்தார். இன்று 4 மணிக்கு அடக்கம். வீடு, திண்டிவனம் ரோஷணை.’

வெளியிட்டுவிட்டு, அப்பாவின் போனில் மூன்றையும் திறந்து பார்த்தாள். மூன்றிலும் வந்திருந்தது. எதிலும் தலைப்பு அறுபடவில்லை.

மூன்றரைக்கு வீட்டில் ஃபாதர் ஜெபத்தை முடித்தார்.

“உன் பிளாக் ஆளுங்க ஒருத்தரும் வர்லியே,” என்றார் சித்தப்பா.

“வருவாங்க.”

பெட்டியை மூடப்போகும் நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வந்தவரை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

“பாண்டுரங்கன். கூட்டேரிப்பட்டு பக்கம் மல்லாட்டை பயிர் போட்டிருக்கேன். அவர் எழுதினத வச்சித்தான் மோட்டார நானே பிரிச்சி மாட்டினேன். இப்பதான் போன்ல பாத்தேன்.”

“உக்காருங்க.” சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவர் உட்காரவில்லை. பெட்டியை எடுத்தபோது ஹெல்மெட்டை ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டு, சித்தப்பாவுக்குப் பக்கத்து மூலையில் தோள் கொடுத்தார்.

பாண்டுரங்கன் நல்ல உயரம். பெட்டி சாயாமலிருக்க, முட்டியை மடக்கியபடியே தெருவைக் கடந்தார்.