அண்ணி கேட்ட மூன்று கேள்வி

ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே பேருந்தில் வந்து, எதிரெதிர் மேசையில் உட்காருகிற இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளவில்லை என்றால் அந்த அறைக்கே மூச்சு முட்டும். அண்ணி கீபோர்டைத் தட்டுகிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. சிட்டு காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். பாட்டு ஒன்றும் ஓடவில்லை, சும்மாதான்.

சிட்டு, அண்ணியின் கணவனுக்குத் தங்கை. அண்ணி இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள். மேலாளர் உட்பட அங்கே எல்லோருக்கும் அவள் அண்ணிதான். சிட்டு புதுசு.

அவர்கள் பார்ப்பது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைகளுக்கான மென்பொருள். யாராவது உதவி கேட்டுக் கூப்பிட்டால், பக்கத்தில் எந்த வண்டி தயாராக நிற்கிறது என்று கண்டுபிடித்து அனுப்பும். விளையாட்டில்லை பாருங்கள், அதனால் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார்கள். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வரி வரியாகப் படித்து, சந்தேகத்தைக் கேட்டு, மனசு திருப்தியானால்தான் 'அப்ரூவ்' கொடுக்க வேண்டும். இதை ரிவ்யூ என்பார்கள். அப்ரூவ் கொடுக்கிற உரிமை இவர்கள் இருவருக்கும், குழுவில் மூத்தவரான பெரியவருக்கும்தான். நிரல் எழுதுகிற எடிட்டரிலேயே ஓரமாக ஒரு பகுதி திறக்கும். கேள்வியும் அங்கேயே, பதிலும் அங்கேயே. எழுந்து போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதே இல்லை. வசதிதான். வம்பும் அதுதான்.

சிட்டு முதன்முதலாகத் தனியாக எழுதியது அண்ணியிடம் ரிவ்யூவுக்குப் போயிருந்தது. அண்ணி படித்து, மூன்று இடத்தில் கேள்வி எழுதினாள். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. நேற்று வந்தவள், கேட்டதற்கு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளே என்று அண்ணிக்கு எரிச்சல். வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருக்கிறார்கள் என்று சிட்டுவுக்குப் பொருமல். வீட்டில் கேட்டுத் தீர்த்திருக்கலாம். ஆனால் ஆபீஸ் பேச்சு வாசலோடு சரி என்று சிட்டுவின் அண்ணன் சட்டம் போட்டிருந்தான். வீடு நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் போட்டான், பாவம்.

மதியம் மேலாளர் வந்தார். எந்த வேலையைக் கொடுத்தாலும் கொடுத்த சூட்டிலேயே "ஆச்சா?" என்று வந்து நிற்பதால் அவருக்கு ஆச்சா என்றே பெயர்.

"அண்ணி, ரிலீஸ் கிளம்பியாச்சு. முதல்ல ஒரு கன்ட்ரோல் ரூம். அங்க நல்லா ஓடுச்சுன்னா சாயங்காலம் எல்லாருக்கும்."

"என்னென்ன போகுது?"

"சிட்டுவோடதும்தான். நீங்க பாக்கவே இல்லையாமே? பெரியவர் ஊருக்குக் கிளம்புறப்போ அப்ரூவ் குடுத்துட்டுப் போயிட்டார்."

அண்ணி எழுந்த வேகத்தில் நாற்காலி உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"ஏண்டி, கேட்டதுக்குப் பதில் சொல்ல மனசில்ல, என்னைத் தாண்டிப் போய் வாங்கிக்கிட்டியா?"

சிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். "என்ன கேட்டீங்க நீங்க? கல்லு மாதிரி உக்காந்திருந்துட்டு இப்ப சண்டைக்கு வர்றீங்க?"

"மூணு கேள்வி எழுதியிருக்கேன்!"

"ஒண்ணுகூட இல்ல. வந்து பாருங்க."

"நீ வந்து பாரு."

"யாராவது ஒருத்தர் வாங்கம்மா," என்றார் ஆச்சா.

சிட்டுவின் திரையில் அவள் எழுதிய நிரல் மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒரு கேள்வியும் இல்லை. அண்ணியின் திரையில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் இரண்டும் சின்ன விஷயம். மூன்றாவதில் இப்படி எழுதியிருந்தது: "சிக்னல் அறுந்த வண்டியைக் கடைசியாக நின்ற இடத்திலேயே காட்டுகிறாய். அப்படியானால் ஓடாத வண்டியும் 'தயார்' என்று கணக்கில் வந்துவிடாதா?"

மூன்றுக்கும் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னச் சொல் இருந்தது: பெண்டிங்.

கேள்விகளை எழுதினால் மட்டும் போதாது. எழுதி முடித்து, மொத்தமாக அனுப்புகிற பொத்தானை அழுத்த வேண்டும். அதுவரை எழுதியவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பிரவுசரில் ரிவ்யூ செய்துகொண்டிருந்த காலத்தில் அது பெரிய பச்சைப் பொத்தானாகக் கண்ணில் அடித்தது. எடிட்டருக்குள் மாறிய பிறகு ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது. தன் கண்ணுக்குத் தெரிந்ததை சிட்டுவும் பார்த்திருப்பாள் என்று அண்ணி நம்பிவிட்டாள்.

அண்ணிக்கு முகம் வெளிறிப்போயிற்று. சிட்டு அதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது கேள்வியிலேயே கண் நிலைத்திருந்தது.

"அண்ணி... அதை நான் யோசிக்கவே இல்ல."

"அந்த ரூமுக்குப் போன் போடு. ஓடு."

மறுமுனையில் பேசிய பெண் உற்சாகமாக இருந்தாள். "புதுசு வந்துருச்சும்மா, நல்லா இருக்கு. முன்னாடி மாதிரி வண்டி திரையில காணாமப் போறதில்ல."

"இப்ப எந்த வண்டியாவது அனுப்பினீங்களா?"

"இப்பத்தான். அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே கூப்பிட்டுச்சு. ரெண்டு தெரு தள்ளி ஒரு வண்டி இருக்கு, அதுக்குத் தகவல் போயிருச்சு."

"அந்த வண்டி பதில் சொல்லிச்சா?"

"இன்னும் இல்ல."

"வயர்லெஸ்ல கூப்பிடுங்க. பேசலைன்னா உடனே வேற வண்டி. தயவுசெஞ்சு!"

அந்தப் பெண் கூப்பிடுவது போனில் கேட்டது. மறுபடியும் கூப்பிட்டாள். கரகரப்புதான் வந்தது. பிறகு யாரோ தூரத்திலிருந்து கத்தினார்கள்: "அது ஒர்க்‌ஷாப்ல கிடக்கு, எஞ்சினைக் கழட்டி வச்சிருக்காங்க!"

அண்ணி அதற்குள் பழையதைத் திருப்பிப் போடும் மாற்றத்தை எழுதிவிட்டாள். ஆனால் திருப்பி எடுப்பதற்கும் அதே கண்டிப்புதான். இன்னொருவர் ஒப்புக்கொள்ளாமல் நகராது. பெரியவர் விமானத்தில் இருந்தார். ஆச்சாவுக்கு அந்த உரிமை கிடையாது.

"சிட்டு, உனக்கு அனுப்பிட்டேன். வந்துச்சா?"

"வந்துச்சு."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சிட்டு ஒவ்வொரு வரியாக இறங்கினாள்.

"ஆச்சா?"

"படிக்கிறேன் சார்."

"அம்மா தாயே, அங்க உயிர் போகுது, அழுத்தும்மா!"

"பெரியவர் அப்படி அழுத்தினதுலதான் சார் இது வெளிய போச்சு."

"அவளை விடுங்க," என்றாள் அண்ணி. "நீ படி."

சிட்டுவின் விரல் ஓரிடத்தில் நின்றது. "அண்ணி, நீங்க எடுத்தது என்னோடதை மட்டும் இல்ல. பக்கத்துல வேற யாரோ எழுதினதையும் சேத்து எடுத்திருக்கீங்க. அழைப்பு மணி. இப்படியே போனா, கால் வந்தா அங்க மணி அடிக்காது."

அண்ணி குனிந்து பார்த்தாள். உண்மைதான். அவசரத்தில் கை கூடுதலாக வெட்டிவிட்டது. நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட இல்லை, திருத்தினாள், அனுப்பினாள். சிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். ஆச்சா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அப்ரூவ்."

மாற்றம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண்ணின் திரையில் பொய்யாக நின்ற வண்டி மறைந்தது. ஆனால் அந்த அப்பா? பாலத்துக்கு அப்பாலிருந்து வேறு வண்டி கிளம்பியிருந்தது. சிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். மூன்று பேரும் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாலம் தாண்டிவிட்டது என்றாள் அந்தப் பெண். தெருவுக்குள் திரும்பிவிட்டது என்றாள். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே சொல்லவில்லை.

"ஏத்திட்டாங்க," என்றாள் கடைசியில். "பேசுறாராம். பொண்ணை அழாதேன்னு திட்டுறாராம்."

ஆச்சா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஏம்மா," என்றது போன். "இப்ப இந்த ஸ்கிரீனை நம்பி அனுப்பலாமா?"

சிட்டு அண்ணியைப் பார்த்தாள்.

அண்ணி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "இப்போதைக்கு நம்பாதீங்க. ஒவ்வொரு வண்டியையும் வயர்லெஸ்ல கேட்டுட்டு அனுப்புங்க. நான் பாத்து எழுதினதைச் சொல்லாம விட்டுட்டேன், தப்பு இங்கதான். இன்னொரு தடவை முழுசாப் படிச்சுட்டு நாங்களே கூப்பிடுறோம்."

சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துவந்து சிட்டுவின் பக்கத்தில் போட்டாள்.

"தள்ளி உக்காரு. நீ சத்தமாப் படி, நான் கேக்குறேன்."