காலி நாற்காலிக்கு ஒரு பதில்

வியாழக்கிழமை மாலையானால் எக்லால் அண்ணி வீட்டில் கூடிச் சிரிப்பதற்கென்றே நாங்கள் ஆறேழு பேர் இருந்தோம். பழைய நகைச்சுவை நாடகங்கள், நையாண்டிக் கதைகள், இவற்றைத் தவிர வேறெதையும் தொடமாட்டோம். அழுகைக் கதை வேண்டுமென்றால் அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டும் என்பது அண்ணியின் கட்டளை. இந்த வாசிப்பு, என் அண்ணன் இறந்த மறு வருஷம் அவள் தொடங்கியது. அலெக்சாண்ட்ரியாவில் குளிர்காலப் புயல் அடித்து டிராம் நின்றுபோன நாட்களில்கூட எங்கள் வாசிப்பு நின்றதில்லை.

எங்கள் ஊர் மேடை நடிகர்களின் பழக்கம் ஒன்றை நாங்களும் வைத்திருந்தோம். ஆளுக்கொரு பாத்திரமாக வாசிக்கும்போது, நடுவில் யார் வேண்டுமானாலும் புத்தகத்தை விட்டு வெளியே வந்து சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடலாம். எதிரே இருப்பவர் பாத்திரத்தை விட்டு இறங்காமல் உடனே பதிலடி கொடுக்க வேண்டும். பதில் வராமல் விழிப்பவர் எழுந்துபோய் எல்லோருக்கும் தேநீர் போட வேண்டும். அண்ணி தன் வீட்டில் வியாழக்கிழமை தேநீர் போட்டு நான் பார்த்ததே இல்லை.

பஹ்கத் அடிக்கடி போடுவார். துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், சொந்தமாக நாலு வார்த்தை பேசுவதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடும். ஆனால் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் வேறு ஆள். குரல் குலுங்கும், புருவம் ஆடும், கஞ்சனாகவும் போலி வைத்தியனாகவும் எங்களை வயிறு வலிக்க வைப்பார். அண்ணி அவருக்கு எதிர்ப் பாத்திரத்தைத்தான் எப்போதும் எடுத்துக்கொள்வாள். எனக்குக் கண் இல்லையா என்ன?

ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"இன்ஷிராஹ், ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. பஹ்கத் என்னைக் கேட்டார்னா சரின்னு சொல்லிடலாம்னு இருக்கேன். நீ அவரோட தங்கச்சி. நீ என்ன சொல்றே?"

அவரோட என்றது என் அண்ணனை. ஒரு நொடி கத்தியைக் கீழே வைத்துவிட்டேன், மறைக்க மாட்டேன்.

"அந்த மனுஷன் இன்னுமா கேக்கல? எத்தனை கப்பலைக் கரை சேர்த்தவரு! ஒரு வார்த்தையைக் கரை சேர்க்கத் தெரியலையா?" என்றேன்.

"அவசரப்படுத்தாதடி. அவரா கேக்கணும். நான் காத்திருக்கேன்."

இப்படி அவள் காத்திருந்த நாட்களில்தான் அந்த நாடகம் எங்கள் கைக்கு வந்தது. பணக்காரக் கிழவன் ஒருவன் இளம்பெண்ணைக் கட்டிக்கொள்ள அலைகிறான். பெண்ணும் வேலைக்காரியும் சேர்ந்து அவனைப் படாதபாடு படுத்துகிறார்கள். இந்த மாதிரி நாடகங்களில் வயதானவன் ஆசைப்பட்டால் அடி நிச்சயம். இருபத்தைந்து வயதில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் போல. பஹ்கத் கிழவன், அண்ணி பெண். பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தவர் எங்கள் கூட்டத்துப் பல் டாக்டர் ஃபிக்ரி. அவருடைய சிரிப்பு தெருமுனை வரை கேட்கும்.

இரண்டாம் அங்கத்தில் கிழவன் தன் மாளிகையையும் குதிரைகளையும் வர்ணித்துப் பெண்ணை மயக்கப் பார்க்கிறான். பஹ்கத் அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். புத்தகத்தை முழங்காலில் கவிழ்த்து வைத்தார். ஓ, சொந்தச் சரக்கு வருகிறது என்று நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"என் வீட்டு பால்கனில ரெண்டு நாற்காலி இருக்கு," என்றார். "ஒண்ணுல நான் உக்காந்து கடலைப் பாக்கறேன். இன்னொண்ணு ரொம்ப வருஷமாத் தனியா கடலைப் பாக்குது. நீங்க வந்து உக்காருவீங்களா?"

அண்ணிக்குக் கண் மின்னியது. யோசிக்கவே இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, அந்தப் பெண்ணின் குரலிலேயே கேட்டாள்:

"வந்து உக்காரலாம் பெரியவரே! ஆனா நான் உக்காந்தப்புறம் உங்க நாற்காலி எத்தனை நாளைக்குக் காலியாகாம இருக்கும்?"

ஃபிக்ரி சோபாவிலிருந்து சரிந்தேவிட்டார். எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். பஹ்கத் வாயைத் திறந்தார், மூடினார். பதில் இல்லை.

"தோத்துட்டார்! தேநீர், தேநீர்!" என்று ஃபிக்ரி கத்தினார்.

பஹ்கத் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்ப் புதினா போட்டு எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார். அண்ணிக்கு முதலில் கொடுத்தார். மீதி அங்கத்தை வாசித்து முடித்து, அண்ணி செய்திருந்த பஸ்பூஸா ரவைக் கேக்கைத் தொடாமலே கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கிழவன் நாடகம் பூராவும் அவளை நீ, வா, போன்னுதானே பேசறான்? பஹ்கத் 'நீங்க'ன்னார். அதோட அந்தக் கிழவனுக்கு ஏது பால்கனி? ஏது கடல்?" குரல் உடைந்தது. "இன்ஷிராஹ், அவர் என்னைத்தான் கேட்டிருக்கார். நான் அவர் சாவைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சிருக்கேன்."

"அழாதீங்க. அடுத்த வியாழன் வருவாரில்ல? நீங்களே கேட்டுடுங்க. வெக்கமெல்லாம் பாக்காதீங்க."

வந்தார். வழக்கம்போல் வறுத்த பூசணி விதைப் பொட்டலத்தோடு வந்தார். அதைத் தட்டில் கொட்ட அவர் சமையலறைக்குள் நுழைந்தபோது அண்ணியும் நானும் அங்கேதான் இருந்தோம். நான் நகரப் பார்த்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பஹ்கத், போன வாரம் நாற்காலின்னு ஒண்ணு சொன்னீங்களே. அது நாடகத்துக்காகச் சேர்த்ததா?"

அவர் பொட்டலத்தைக் கீழே வைத்தார். அண்ணியைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தில் பதில் வந்துவிட்டது. உதடுவரை வந்துவிட்டது.

கூடத்திலிருந்து ஃபிக்ரியின் குரல்: "எங்க நம்ம மாப்பிள்ளை? கையோட நாற்காலியும் கொண்டாந்திருக்காரா?" கூடமே சிரித்தது.

பஹ்கத்தும் சிரித்தார். முகம் மூடிக்கொண்டது.

"நாடகம்தான் மேடம். வேற என்னவா இருக்கும்?"

அண்ணி சொல்லியிருக்கலாம். 'இல்லை, எனக்கு அது நாடகமாக இருக்க வேண்டாம்' என்று ஒரே ஒரு வரி. இத்தனை வருஷம் எல்லாருக்கும் நொடியில் பதில் கொடுத்தவள். அன்றைக்கு அவளுக்கு வரவில்லை.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றாள்.

அவர் விதைத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு ஃபிக்ரியின் பல்லை அவருடைய இடுக்கியாலேயே பிடுங்கியிருப்பேன்.

"அண்ணி, போங்க. பின்னாடியே போய்ச் சொல்லுங்க," என்று அவளைத் தள்ளினேன்.

அவள் நகரவில்லை. அடுப்பைப் பற்ற வைத்து, தேநீருக்குத் தண்ணீர் ஏற்றினாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"இனிமே நான் எதைச் சொன்னாலும் அவருக்கு அந்தக் கைதட்டல்தான்டி காதுல கேக்கும். அந்தப் பதில் மட்டும் அவ்வளவு நல்லா வந்திருக்கக் கூடாது."