விட்டுக்கொடுக்காத திரை

சோஃபியா கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. திரும்பி வருவாளா என்று இன்னும் சொல்லவில்லை. பொம்மனஹள்ளி வீட்டில் அவள் கணவன் ஃபிராங்க்ளின் தனியாகக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் அவளே போனில் அழைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு சோஃபி, இதக் கேளு. ஒரு வாரமா என் ஸ்கிரீன் கறுப்பாவே இருந்துச்சு. ஸ்கிரீன இயக்குற டிரைவர் புரோகிராம்ல தப்பே இல்ல! எத்தன புரோகிராம் வேணா படம் வரையலாம். ஆனா ஸ்கிரீன்ல காட்டுற உரிமைய கெர்னல், அதான் கம்ப்யூட்டர உள்ளேர்ந்து நடத்துற மெயின் சாஃப்ட்வேர், ஒரு சமயத்துல ஒருத்தருக்குத்தான் குடுக்கும். பாஸ்வேர்டு கேக்குற லாகின் புரோகிராம் அத விடாம புடிச்சிட்டிருந்துச்சு. நான் எழுதின புரோகிராம் பாவம், பின்னாடி ஒழுங்கா வரைஞ்சிட்டேதான் இருந்திருக்கு. யாருக்கும் தெரியல."

"என்ன மாதிரியே அதுக்கும் உங்கள மாதிரி ஒரு ஆள் வாய்ச்சிருக்கு."

அவன் சிரித்தான். பிறகுதான் உறைத்தது. அந்த உரிமையை எப்படி விடவைத்தான் என்ற விளக்கம் நாக்கு நுனிவரை வந்திருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "நீ சொல்லு" என்றான்.



"எங்க ஆரம்பிக்கிறதுன்னு மறந்துபோச்சு. அப்புறம் பண்றேன்."

போனை வைத்துவிட்டாள். எதிரே திரையில் சோதனைப் படம் பளிச்சென்று தெரிந்தது. அதைக் காட்ட வீட்டில் யாருமில்லை.